எந்தப் புத்தகம் எழுதுவது?

(ஆனேக்கலில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று நமது செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "நம் உறுப்பினர்களில் பத்துப் பேராவது புத்தகம் எழுத ஆசைப்படுகிறார்கள். எத்தனை பிரதி அச்சிடுவது, என்ன செலவாகும் என்று விசாரிக்கிறார்கள். எதை எழுதுவது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்றார். நான் எழுத்தாளன் இல்லை. ஆனால் கடந்த இரண்டு வருஷமாக இதே கேள்வியோடு மல்லுக்கு நின்றவன். அந்த அனுபவத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கும்பகோணம் பக்கத்துக் கிராமம். பி.எஸ்ஸி. வேதியியல். 1972இல் தமிழ்நாடு அரசில் முத்திரை ஆய்வாளராகச் சேர்ந்தேன். கடைகளில் இருக்கும் எடைக்கல், தராசு, படி, லிட்டர் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. ஓய்வு பெற்றபின் பிள்ளைக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் உத்தியோகம் என்பதால் இங்கே வந்து சேர்ந்தோம். இந்த ஊர்ப் பெயருக்குக் கன்னடத்தில் ஆலங்கட்டி என்றும் பொருள் உண்டு என்று பால்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

வயது எழுபதைத் தாண்டியதும் ஒரு புத்தகமாவது எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. இதில் தவறில்லை. உத்தியோகத்தில் இருந்தவரை எவ்வளவோ குறிப்புகள் எழுதினோம். அவை எல்லாம் கோப்பில் கட்டப்பட்டு ரிக்கார்டு அறைக்குப் போய்விட்டன. நம் பெயரில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டாமா என்று மனசு கேட்கிறது.

அப்படி உட்காரும்போது சாதாரணமாக ஆறு வகைப் புத்தகங்கள் கண் முன் வந்து நிற்கும். ஒன்று, சுயசரிதை. இரண்டு, குடும்ப வரலாறு. மூன்று, கீதைக்கோ உபநிஷத்துக்கோ எளிய விளக்கம். நான்கு, காசி, பத்ரி, அமெரிக்கா என்று போய்வந்த பயணக் கட்டுரை. ஐந்து, கதை அல்லது நாவல். ஆறு, நாம் பார்த்த உத்தியோகம், படித்த படிப்பு சம்பந்தமான நூல். நான் விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன். எந்த அடிப்படையில் மதிப்பெண் கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று பார்த்தால் நாவல். எது சுலபம் என்று பார்த்தால் பயணக் கட்டுரை. எது மரியாதை என்று பார்த்தால் கீதை.

அதனால் கட்டத்தை மூடி வைத்துவிட்டு, நமக்கு முன்னால் எழுதியவர்கள் தங்கள் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

முதலில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியர். வயது இருபத்தைந்து. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள் என்று ஏராளமாகப் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் பெரிய பட்டியல் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையும் கொடுக்கிறார். ஏழு வருஷ உழைப்புக்குப் பின் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அதன்பின் வந்தவை.

இதில் நான் கவனித்தது ஒன்று. எந்தப் புத்தகத்தில் இறங்குவது என்பதை ஐயர் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு நூல் வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. அந்தக் குறைதான் ஐயரின் வாழ்நாள் பணியைத் தீர்மானித்தது.

இரண்டாவது உதாரணம் இங்கே அமர்ந்திருக்கும் மாமிகள் எல்லோருக்கும் தெரிந்தது. எஸ். மீனாக்ஷி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் முதல் பாகம் வந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலில் கைதேர்ந்தவர். ரசப்பொடிக்கு எவ்வளவு மிளகு, ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று உறவுக்காரப் பெண்கள் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதையெல்லாம் ஒரு புத்தகமாகப் போடேன் என்று யோசனை சொன்னவர் அவருடைய உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். சமையலைப் புத்தகத்தில் படித்தா கற்றுக்கொள்வார்கள் என்று எண்ணிய காலம் அது. இன்றைக்கு அந்தப் புத்தகம் போகாத தேசம் இல்லை. கல்யாணமாகி வெளியூர் போகும் பெண்ணின் பெட்டியில் அதுவும் ஒன்று.

அந்தப் புத்தகத்தின் வாசகி யார் என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும். பக்கத்தில் மாமியார் இல்லை, அம்மா இல்லை, தனியாகக் குடித்தனம் வைத்திருக்கும் ஒரு பெண். அவளுக்கு "கொஞ்சம் உப்பு" என்று சொன்னால் போதாது. ஆகவே அளவு சொன்னார். எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும், என்ன நிறம் வர வேண்டும் என்று சொன்னார். அந்தப் பெண் மனத்தில் இருந்ததால்தான் எதை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதில் அம்மாளுக்குக் குழப்பமே வரவில்லை.

இந்த இரண்டையும் வைத்து நான் ஒரு விதி செய்துகொண்டேன். நமக்கு என்ன தெரியும், என்ன பிடிக்கும் என்பதெல்லாம் பிறகு. இந்தப் புத்தகம் இல்லாவிட்டால் யாருக்குக் குறை என்பது முதல். அந்த "யார்" என்பதற்கு ஒரு முகம் தெரிய வேண்டும். "வருங்காலச் சந்ததியினர்" என்று பொதுவாகச் சொன்னால் அது முகம் ஆகாது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "ஸார், அப்படியானால் ஏற்கெனவே இருக்கும் விஷயத்தை எழுதவே கூடாதா? இராமாயணத்தை எத்தனையோ பேர் சொல்லியாயிற்றே?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் ராஜாஜி. ஓசூரிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் படித்தவர். 1954இல் சென்னை முதலமைச்சர் பதவியிலிருந்து விலகும்போது அவருக்கு வயது 75. நம்மைப் போன்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் வயது. அந்தச் சமயத்தில்தான் 'சக்கரவர்த்தித் திருமகன்' கல்கியில் வாராவாரம் வந்தது. 1958இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதற்கு முன்பே 1940களில் மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்று எழுதியிருந்தார். தாம் வகித்த பதவிகளைக் காட்டிலும் இந்த இரண்டு நூல்களையே தம்முடைய பெரிய தொண்டாக அவர் கருதினார்.

கதை புதிதல்ல. வாசகர் புதியவர். வால்மீகியை ஸம்ஸ்கிருதத்தில் படிக்க முடியாத, கம்பனைப் பாட்டாகப் பிரித்துப் படிக்கப் பொறுமை இல்லாத, ஆனால் வாரப் பத்திரிகை வாங்கிப் படிக்கிற ஒருவர். அவருக்கு அந்தக் கதை எளிய தமிழில் இல்லை என்பது ஒரு குறைதான். ஆக, விஷயம் பழையதாக இருக்கலாம். கீதைக்கு உரை எழுத விரும்புகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும். இருக்கிற நூற்றுக்கணக்கான உரைகளில் எதுவும் போய்ச் சேராத ஒரு மனிதர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால், இருக்கிற நல்ல உரையை நாலு பேருக்கு வாங்கிக் கொடுப்பது அதைவிடப் புண்ணியம்.

விஞ்ஞானம் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பெ. நா. அப்புசாமியைச் சொல்ல வேண்டும். தொழிலால் வழக்கறிஞர். அ. மாதவையாவின் உறவினர். அவருடைய தூண்டுதலால் தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் எழுதினார். சோதனைச்சாலையில் அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழருக்கு மின்சாரம் என்றால் என்ன, வானொலி எப்படிப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லாத காலத்தில், அந்த ஆளுக்காக எழுதினார். வாசகர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவே போதுமான தகுதியாக இருந்தது.

அடுத்து மொழி. பெங்களூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு இது பெரிய சங்கடம். ஆத்தில் தமிழ், கடையில் கன்னடம், பேரப்பிள்ளைகளோடு பாதி இங்கிலீஷ். எந்த மொழியில் எழுதுவது? சர்ஜாபுரத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் மாலூர். அந்தத் தாலுகாவில் 1891இல் பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். தாய்மொழி தமிழ். சென்னையில் எம்.ஏ. முடித்து, மைசூர் அரசுப் பணியில் ஏறக்குறைய முப்பது வருஷம் இருந்தவர். நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலானவர். பெரும்பாலும் எழுதியது கன்னடத்தில். தம்மைச் சுற்றியிருந்த ஜனங்களின் கதைகளை அவர்கள் படிக்கும் மொழியில் சொன்னார். உத்தியோகத்தில் இருந்தபோது சிறுகதைகள் எழுதியவர், குடகின் கடைசி மன்னரைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திர' நாவலை வெளியிட்டது 1956இல், பணியை விட்டு வந்த பிறகு, 65ஆவது வயதில். அதற்காக 1983இல் ஞானபீட விருது பெற்றபோது வயது 92. அப்புசாமியும் மாஸ்தியும் ஒரே வருஷம் பிறந்து, ஒரே வருஷம், 1986இல், மறைந்தவர்கள் என்பது எனக்குப் பின்னர் கண்ணில் பட்ட ஒரு விநோதம். ஒருவர் தமிழுக்கு, ஒருவர் கன்னடத்துக்கு. வாசகர் யார் என்று முடிவு செய்துவிட்டால் மொழியும் கூடவே முடிவாகிவிடுகிறது.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. நம் வயதில் அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. காலம்.

மறுபடி சாமிநாதையரையே எடுத்துக்கொள்கிறேன். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகமாக 1933, 1934இல் முடித்து வெளியிட்டார். தம்முடைய சரித்திரத்தை அதற்குப் பிறகுதான் எடுத்தார். ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு 84 முடிந்து 85 நடக்கிறது. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். 122 அத்தியாயங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவோடு கதை நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய நாற்பது வருஷ வாழ்க்கையை அவர் கையால் நாம் படிக்க முடியாமல் போயிற்று. பிறகு அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' எழுதி, மிச்சத்தை ஓரளவு நமக்குச் சொன்னார்.

மாதவையாவும் அப்படியே. உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர். 'பத்மாவதி சரித்திரம்' முதல் பாகம் 1898இல் வந்தது. முன்கூட்டியே ஓய்வு பெற்று, 1924இல் 'பஞ்சாமிர்தம்' பத்திரிகை தொடங்கி, அதில் அந்த நாவலின் மூன்றாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். வயது 53. மூன்றாம் பாகம் முடியவில்லை.

இவர்கள் மகான்கள். பாதியில் நின்றாலும் அந்தப் பாதியே நமக்குப் பொக்கிஷம். நாம் பாதியில் விட்டால் அது பழைய பேப்பர்காரரிடம்தான் போகும். ஆகவே பிறந்த நாளிலிருந்து தொடங்கும் சுயசரிதையை நம் வயதில் எடுப்பவர்களுக்கு என் பணிவான யோசனை: முக்கியமான பத்து வருஷத்தை மட்டும் எழுதுங்கள். பூர்வோத்திரம், உபநயனம், பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் போனால், நீங்கள் சொல்ல வந்த இடத்துக்கு வந்து சேர்வது உங்கள் கையில் இல்லை.

சரி, இந்த மூன்று கேள்விகளையும் வைத்து நான் என்ன தீர்மானித்தேன் என்று சொல்ல வேண்டுமல்லவா?

என் சுயசரிதையில் மாற்றல் உத்தரவுகளும் சம்பள நிர்ணயமும்தான் இருக்கும். அது இல்லாமல் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. என் தர்மபத்தினியே படிக்க மாட்டாள். அவள்தான் கூடவே இருந்து பார்த்தவளாயிற்றே! நாவல் எழுத ஆசை உண்டு; காலம் போதாது. குடும்ப வரலாற்றை என் ஒன்றுவிட்ட அண்ணா ஏற்கெனவே வம்சவிருக்ஷத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

இந்த நிலையில் ஒரு நாள் என் பேத்தி சமையலறையிலிருந்து 'சமைத்துப் பார்' பழைய பிரதியோடு வந்து, "தாத்தா, ஆழாக்குன்னா எவ்வளவு மில்லி?" என்றாள். நாற்பது வருஷம் அளவைகளோடு வாழ்ந்தவன் நான். "எந்த ஊர் ஆழாக்கு?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஊருக்கு ஊர் ஆழாக்கு மாறும் என்பதே அவளுக்குத் தெரியாது. தெரிவதற்கு வழியும் இல்லை. எனக்கு முகம் கிடைத்துவிட்டது.

விஷயம் இதுதான். 1957 ஏப்ரல் முதல் தேதி அணா, பைசா கணக்குப் போய் நூறு நயா பைசா ஒரு ரூபாய் ஆயிற்று. எடையளவுத் தரச் சட்டம் 1956இல் நிறைவேறி, 1958 அக்டோபரிலிருந்து கிலோகிராம் படிப்படியாக வந்தது. மிக நல்ல காரியம். அதற்கு முன் இருந்த குழப்பத்தைக் கேளுங்கள். மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. தோலா என்பது சுமார் 11.66 கிராம். ஆக, நம் ஊர்ச் சேர் 24 தோலா, அதாவது 280 கிராம். வடக்கே சேர் என்றால் 80 தோலா, 933 கிராம். பெயர் ஒன்று, எடை மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். முகத்தலில் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் பட்டணம் படி வேறு, தஞ்சாவூர்ச் சின்னப்படி வேறு. அதிலும் தலை தட்டி அளப்பது ஒன்று, குவித்து அளப்பது ஒன்று. இந்த ஆனேக்கலில் கேட்டால் பாவு, சேர், கொளகம், கண்டுகம் என்பார்கள். நாலு பாவு ஒரு சேர், இருபது கொளகம் ஒரு கண்டுகம். அரிசிக்குப் பாவு இன்றைக்கும் பல வீடுகளில் இருக்கிறது.

சட்டம் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆனபின்னும் சில அளவுகள் சாகவில்லை. நகைக் கடையில் சவரன். பூக்காரியிடம் முழம். இங்கே மனை வாங்கினவர்களுக்குக் குண்டே தெரியும். நாற்பது குண்டே ஒரு ஏக்கர், ஒரு குண்டே 1,089 சதுர அடி. அத்திபெலே எல்லையைத் தாண்டி ஓசூர்ப் பக்கம் போய் மனை விசாரித்தால் சென்ட் என்பார்கள். நூறு சென்ட் ஒரு ஏக்கர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் தாத்தா எழுதி வைத்த பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்தால் அதில் மா, குழி, வேலி. அந்தப் பத்திரம் கையில் இருந்தும் தனக்கு எவ்வளவு நிலம் என்று தெரியாமல் வக்கீலிடம் ஓடிய பேரன்களை என் உத்தியோக காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே இது சமையலுக்கு மட்டுமான சமாசாரம் அல்ல.

இதற்கு முன்னோடியும் இந்தப் பிரதேசத்திலேயே உண்டு. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருஷம், 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற கம்பெனி டாக்டர் கவர்னர் ஜெனரல் உத்தரவின்பேரில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னட தேசம், மலையாளம் எல்லாம் சுற்றினார். 1807இல் மூன்று பாகமாக அது புத்தகமாயிற்று. வழியில் என்ன பயிர், என்ன கூலி, என்ன எடை, என்ன அளவு என்று எழுதிக்கொண்டே போனார். அவருடைய அபிப்பிராயங்கள் சிலவற்றை இன்றைக்கு ஒப்புக்கொள்ள முடியாது. அவர் எழுதி வைத்த அளவுகளுக்காக மட்டும் இருநூறு வருஷமாக அறிஞர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அரசாங்கத்து மனிதர் ஒருவர் எழுதும் புத்தகத்துக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

ஆக, நான் எழுதுவது நம் வீட்டு அளவைகளைப் பற்றிய சிறு நூல். நூறு பக்கத்துக்கு மேல் போகாது. தமிழில். வாசகி என் பேத்தி. ஆகையால் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் கிராமும் மில்லியும் சதுர அடியும் இருக்கும். ஒன்றரை வருஷத்தில் முடிப்பதாக உத்தேசம்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இந்த ஊர்ப் பழைய தானிய வியாபாரி ஒருவரைப் பார்க்கப் போனேன். தொண்ணூறு வயது. கொளகத்தை எப்படிப் பிடிப்பார்கள், எண்ணும்போது "ஒன்று" என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது ஏன் என்றெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னார். கண்டுகக் கணக்கு ராகிக்கும் நெல்லுக்கும் எப்படி மாறும் என்பதை அடுத்த தடவை சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் போனபோது அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. எந்தக் கோப்பிலும் அது இல்லை.

இங்கிருப்பவர்களிடமும், பம்பாய், டில்லி, கல்கத்தா என்று பல ஊர்களில் இந்த இதழைப் படிக்கப்போகும் அன்பர்களிடமும் ஒரு சிறு உதவி கேட்கிறேன். உங்கள் ஆத்துப் பரணில் பழைய படியோ ஆழாக்கோ இருந்தால் எடுங்கள். காலியாக ஒரு தடவை எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் விட்டு மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி அதன் கொள்ளளவு. அது எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். நமது சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினால் நன்றி உடையவனாவேன்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். தபால் இலாகாவில் இருந்தவருக்குத் தந்தியைப் பற்றித் தெரியும். 2013 ஜூலையில் நின்றுபோன அந்தச் சேவையை இன்றைய பிள்ளைகள் சினிமாவில்தான் பார்க்கிறார்கள். ரயில்வேயில் இருந்தவர் மீட்டர்கேஜ் வண்டியை ஓட்டியிருப்பார். கல்வெட்டில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு நம் தாலுகாவே காத்திருக்கிறது. லூயி ரைஸ் 1905இல் வெளியிட்ட கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஒன்பதாவதில் ஆனேக்கல் தாலுகாக் கல்வெட்டுகள் உண்டு, அவற்றில் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. அதை நம் பிள்ளைகளுக்கு நேரில் அழைத்துப்போய்க் காட்டுகிற மாதிரி ஒரு கைப்புத்தகத்தை யாராவது எழுதலாம். மாமிகளில் யாருக்காவது கோலத்தின் புள்ளிக் கணக்கோ, பிரசவப் பத்தியமோ, அம்மா வழியில் வந்த கல்யாணப் பாட்டுகளோ தெரிந்திருந்தால், நாவலைவிட அவற்றுக்கு அவசரம் அதிகம்.

வீட்டுக்குப் போனதும் புத்தகத்தின் பெயரை யோசிக்க வேண்டாம். அட்டைப்படம், அணிந்துரை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளைத்தாளில் உங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள். பேரனோ, மருமகளோ, பழைய சிநேகிதரின் பிள்ளையோ. அவருக்கு எது தெரியாமல் இருக்கிறது, அது உங்களிடம் மட்டும் இருக்கிறதா என்று அதன் கீழே எழுதுங்கள். அந்த இரண்டாவது வரி எழுத முடிந்துவிட்டால், உங்கள் புத்தகம் எது என்பது தீர்மானமாகிவிட்டது. அப்புறம் தினம் ஒரு பக்கம்.